காற்று மேற்கிலிருந்தே வீசும்

மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சப்ரி செவுளைப் பார்த்து முடிந்ததும் விற்கிறவரின் முகத்தையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். 'இவ்வளவு நல்ல மீன இந்த மனிசன் ஏன் விக்கிறான்?' என்று ஒரு சந்தேகம் வந்துவிடும். மீனை வைத்துவிட்டுக் கருவாடு வாங்கிக்கொண்டு போவார். பாதி வழியில் கருவாட்டின் மீதும் சந்தேகம் வரும்.

கல்முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடற்கரையோரமாக இருக்கும் ஓர் ஊரில் அவர் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். யாராவது விலை குறைத்துக் கேட்காமல் டியூப் வாங்கிப் போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு அந்த வெளிச்சம் சரியான வெளிச்சம்தானா என்று மேலே பார்ப்பார். மனைவி றாஹிலா தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டால், "என்னகா, என்ன வாங்கித் தரணும்?" என்று கேட்பார். வாங்க வேண்டியது ஏதாவது இருக்கத்தான் செய்யும்.

இப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் அஸ்பியா, அந்த வருடம் தரம் ஐந்துக்கு வந்து சேர்ந்தாள்.

தரம் ஐந்து என்பது ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை வருவதும் அதில்தான். எங்கள் பக்கத்தில் அது ஒரு வகுப்பாகக் கருதப்படுவதில்லை. வீட்டில் ஒரு பெரிய நோயாளி படுத்திருப்பதுபோலக் கருதப்படும். சொந்தக்காரர்கள் வர மாட்டார்கள். வந்தாலும் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுவார்கள். கலியாணங்கள் தள்ளிப்போகும். அந்த வீட்டுச் சேவல்கூட, பிள்ளை படிக்கிறதா என்று ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூவும்.

அந்த வருடம் பார்த்து வலயக் கல்விப் பணிமனைக்கு ஞானம் பிறந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்தது போதும், இனித் தங்கள் கையாலேயே செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு 'சுயசெயற்பாட்டு ஆண்டு' என்று பெயர் வைத்தார்கள். பதாகை அடித்தார்கள். பதாகையில் பணிப்பாளரின் படம் பெரிதாகவும் பிள்ளைகளின் படம் சிறிதாகவும் இருந்தது. பொறுப்பதிகாரியாகச் சுபாஸ்கரன் என்பவரை நியமித்தார்கள்.

சுபாஸ்கரன் சேருக்குத் தலையில் முடி குறைவு. இடக்காதுக்கு மேலே நீளமாக வளர்த்த ஒரு கற்றையை நடுமண்டை வழியாக அழைத்துவந்து வலக்காதுக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருப்பார். பெற்றோர் கூட்டத்தில் அவர் எழும்பியதும் பாடசாலை அதிபர் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். சப்ரிக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது.

"பிள்ளை தானாகச் செய்ய வேண்டும்" என்று சேர் மைக்கில் தொடங்கினார். "தானாகச் செய்வதை நாங்கள் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவோம். எப்படித் தானாகச் செய்வது என்பதற்கு வழிகாட்டி நூல் ஒன்று வந்திருக்கிறது. அதில் உள்ளபடியே எல்லாப் பிள்ளைகளும் ஒரேமாதிரித் தானாகச் செய்ய வேண்டும். தானாகச் செய்யாத பிள்ளை கண்டுபிடிக்கப்பட்டால் விசாரணை நடக்கும். பயப்பட வேண்டாம். சுதந்திரமாகக் கற்கும் சூழல் ஒன்றை உருவாக்குவதற்காகவே இத்தனை கட்டுப்பாடு."

சப்ரி கையைத் தூக்கினார். "சேர், புள்ளதான் செய்யணும் எண்டா எங்களுக்கு என்னத்துக்குக் கூட்டம்?"

"நல்ல கேள்வி. பெற்றோர் எதுவும் செய்யக் கூடாது. அதை உறுதிப்படுத்தும் பொறுப்புப் பெற்றோருடையது. எதுவும் செய்யாமல் இருப்பதற்காக நீங்கள் நிறையப் பாடுபட வேண்டியிருக்கும்."

முதலாவது செயற்பாடு, காற்றுத்திசைகாட்டி. ஒரு பலகை, அதில் நாலு திசையின் எழுத்து, நடுவில் ஒரு குத்தி, குத்தியின் மேல் ஓர் அம்பு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தை அம்பு காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்ததும் பெற்றோர் எல்லாரும் நேரே லெவ்வைக் காக்காவின் புத்தகக் கடைக்குப் போனார்கள். உதுமாலெவ்வை என்பது முழுப்பெயர். ஐம்பது வயதாகியும் கலியாணம் முடிக்காதவர். பிள்ளைகள் தானாகச் செய்ய வேண்டிய எதையும் முதல்நாள் பின்னேரம் சொன்னால் மறுநாள் காலையில் செய்து கொடுப்பார். அடுத்தடுத்த வருடங்களின் தரம் ஐந்துத் தாய்மாரும் அவரை இப்போதே தெரிந்து வைத்திருந்தார்கள்.

சப்ரி மட்டும் போகவில்லை. "எல்லாரும் ஒரு கடைக்குப் போறாங்க எண்டா அதுக்குள்ள ஏதோ இரிக்கி" என்றார். "இஸ்கூலுக்கும் கடைக்கும் ஒரு உள்கதை இல்லாம இரிக்காது. நான் போக மாட்டன்."

"அப்ப புள்ள என்னத்தக் கொண்டு போற?" என்றாள் றாஹிலா.

"அவளே செய்யட்டும்."

ஆக, எங்கள் வலயத்தில் சுயசெயற்பாட்டு ஆண்டின் ஒரே சுயசெயற்பாடு, ஒரு தகப்பனின் சந்தேகப் புத்தியால் நடந்தது என்பதைப் பிற்காலத்தில் கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

அஸ்பியா ஐஸ்கிறீம் டப்பாவில் மணலை நிரப்பினாள். அதில் ஒரு குச்சியைக் குத்தி, குச்சியின் தலையில் தையல் ஊசியைக் கட்டினாள். பேனை மூடியின் இரண்டு பக்கமும் பிரிஸ்டல் மட்டையில் வெட்டிய தலையும் வாலும் ஒட்டி, மூடியை ஊசியின் மேல் கவிழ்த்தாள். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். அம்பு அசையவில்லை. இறக்கிக் கொண்டுவந்து இருந்து யோசித்தாள். வாலை வெட்டி எடுத்துவிட்டுப் பெரிய வால் ஒன்று ஒட்டினாள். மூன்றாம் தடவை மேலே கொண்டுபோனபோது அது மெதுவாகக் கிறுகி, மேற்கே வயல் பக்கத்தைப் பார்த்து நின்றது. அது கச்சான் காலம். மேற்கிலிருந்து வருகிற அந்த உலர்ந்த காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அம்பின் தலை கோணல். பசை வழிந்திருந்தது. 'கிழக்கு' என்று எழுதிய இடத்தில் மை பரவி ஒரு சின்ன முட்டை போலிருந்தது.

சப்ரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆரு சொல்லித் தந்த?"

"ஒருத்தரும் இல்ல வாப்பா. வால் சின்னனா இரிந்திச்சி, கிறுகல்ல. பெரிசாக்கினன். கிறுகுது."

"உண்மையாவா?"

"நீங்கதானே ஏணியடியில நிண்டு ஒளிச்சிப் பாத்துக்கிட்டு நிண்ட."

சப்ரி கீழே இறங்கினார்.

லெவ்வைக் காக்காவின் கடையில் வேலை வேறுவிதமாக நடந்தது. அவர் முன்பு புது வீடுகளுக்கும் அறுகம்பே விடுதிகளுக்கும் கிப்லாக்காட்டி செய்து கொடுத்தவர். தொழுகிறவர்கள் திரும்ப வேண்டிய மேற்குப் பக்கத்தைச் சுவரிலே காட்டி நிற்குமே, அந்த அம்பு. 'திசைகாட்டி முப்பது சொச்சம் வேணும்' என்று தாய்மார் வந்து சொன்னதும், அவர் மறுபேச்சுப் பேசாமல் பழைய அச்சை எடுத்தார். ரெஜிபோம் நுரைமட்டையில் அம்பை வெட்டி, தங்க நிறம் பூசி, எல்லா அம்பையும் 'மேற்கு' என்ற எழுத்தைப் பார்க்க வைத்து, சுப்பர் குளூ போட்டு இறுக்கிவிட்டார்.

ஒரு தாய் மட்டும் கேட்டாளாம். "காக்கா, இது கிறுகாதா?"

"கிறுகினா அது காட்டியா புள்ள?" என்றாராம் லெவ்வைக் காக்கா. "மனிசன் நம்பித் திரும்பிற சாமான் இது. அங்கிட்டும் இஞ்சிட்டும் ஆடலாமா?"

அவள் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் வகுப்பாசிரியை கேதீஸ்வரி டீச்சர் எல்லாவற்றையும் மைதானத்து மேசைகளில் அடுக்கினார். காரைதீவிலிருந்து வருகிறவர், நல்ல மனுசி, வேலையை நினைத்துப் பயப்படுகிற மனுசி. காலைக் கச்சான் வீசிக்கொண்டிருந்தது. தங்க அம்புகள் முப்பது சொச்சமும் மேற்கைக் காட்டின. அஸ்பியாவின் கோணல் அம்பும் மேற்கைக் காட்டியது. டீச்சர் படம் பிடித்துப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். 'மாஷா அல்லாஹ்' என்று தாய்மார் எழுதினார்கள். ஒருவர் பூங்கொத்து அனுப்பினார். சப்ரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே ஆள் பெத்த புள்ளையள் மாதிரி இரிக்கி" என்றார்.

சுபாஸ்கரன் சேர் பார்வையிட வந்தபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் எங்கள் கரையில் கச்சான் ஓய்ந்து கடற்காற்று ஏறும். அது எல்லாருக்கும் தெரியும்; வழிகாட்டி நூலுக்கு மட்டும் தெரியாது. கடல் கிழக்கே. அஸ்பியாவின் அம்பு அரைவட்டம் கிறுகி, மை பரவிய அந்த முட்டையைப் பார்த்து நின்றது.

சேர் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. கடைசி மேசைக்கு வந்ததும் நின்றார்.

"டீச்சர், இது என்ன?"

"அஸ்பியாட காட்டி சேர்."

"மற்றதெல்லாம் மேற்கு. இது ஏன் கிழக்கு?"

டீச்சர் கடல் பக்கம் பார்த்தார். கடற்காற்று இப்போது நன்றாக ஏறியிருந்தது. சேரின் முடிக்கற்றை படுக்கையை விட்டு எழும்பி, வயல் பக்கம் போவதற்கு ஆயத்தமாக நின்றது. சேர் அதை ஒரு கையால் மண்டையோடு அமத்திக்கொண்டார். மறுகையால் வழிகாட்டி நூலை விரித்தார்.

"இந்த மாதத்தில் கீழ்க்கரையில் காற்று மேற்கிலிருந்து வீசும். தெளிவாக எழுதியிருக்கு. பக்கம் நாற்பத்தொன்று."

"சேர், இப்ப காத்து கொஞ்சம்..." என்று டீச்சர் இழுத்தார்.

"காற்றைப் பற்றிக் கதைக்க நான் வரவில்லை. செயற்பாட்டைப் பற்றிக் கதைக்கிறேன். முப்பது பிள்ளைகளுக்கு மேல் தானாகச் செய்து ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை மட்டும் வேறு விடை. அதுவும் நிலையில்லாத விடை. பாருங்க, ஆடுது."

தங்க அம்பு ஒன்றை விரலால் தட்டினார். அது அசையவில்லை. "இதுதான் கற்றல் அடைவு" என்றார். பிறகு அஸ்பியாவின் அம்பைத் தட்டினார். அது ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. சேர் ஓர் அடி பின்வாங்கினார்.

"இவ்வளவு லேசாகச் சுத்துதே. தகப்பன் என்ன தொழில்?"

"சைக்கிள் சாமான் கடை சேர்."

"ஆ" என்றார் சுபாஸ்கரன் சேர்.

இரண்டு நாள் கழித்துச் சப்ரிக்கு அழைப்பு வந்தது. அதிபரின் அறையில் சுபாஸ்கரன் சேர் நடுவில். ஒரு பக்கம் அதிபர், மறுபக்கம் குறிப்பெடுக்கக் கேதீஸ்வரி டீச்சர். மேசையில் ஐஸ்கிறீம் டப்பா. அஸ்பியா கதவோரம் நின்றாள். மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது.

"பெற்றோர் தலையீடு என்பது குற்றச்சாட்டு" என்றார் சேர். "இதற்குள் எங்கே சைக்கிள் பெயாரிங் வைத்தீர்கள்?"

"பெயாரிங்கா?" சப்ரி அதிபரைப் பார்த்தார். அதிபர் கூரையைப் பார்த்தார்.

"திறந்து பார்ப்போம்."

திறந்தார்கள். மணலைப் பழைய செய்தித்தாளில் கொட்டி அதிபர் கையாலேயே அளைந்தார். குச்சியைப் பிளந்தார்கள். பேனை மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மட்டையின் இரண்டு தாளையும் உரித்துப் பிரித்தார்கள். ஒரு ஊசி கிடைத்தது. வேறு எதுவும் இல்லை.

"பெயாரிங் இல்லை" என்றார் அதிபர் மெல்ல.

"எடுத்துவிட்டார்" என்றார் சேர். "எழுதுங்க டீச்சர். தடயம் முன்கூட்டியே அகற்றப்பட்டுள்ளது. இது திட்டமிட்ட செயல்."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைச் சந்தேகித்து வந்த சப்ரிக்குத் தன்னை ஒருவர் சந்தேகிப்பது புது அனுபவமாக இருந்தது. தொழில் தெரிந்த ஒருவரைப் பார்க்கிற மரியாதைகூட ஒரு கணம் அவருக்கு வந்தது.

"சேர், நான் தொட்டும் பாக்கல்ல. கோணல் மாணலா இரிக்கே, தெரியல்லயா? பெரிய மனிசன் செஞ்சா இப்பிடியா இரிக்கும்?"

"அதுதான் என் சந்தேகமும். மற்றப் பிள்ளைகளின் வேலையைப் பாருங்க, எவ்வளவு துப்புரவு. பத்து வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். இது ஒரு பெரியவர் பிள்ளை செய்ததுபோலக் காட்டுவதற்காக வேண்டுமென்றே கோணலாக்கியது. இந்த மையைப் பாருங்க. இப்படி இயல்பாக ஊத்துவதற்குப் பயிற்சி வேணும்."

அதிபர் தயக்கத்தோடு ஒரு யோசனை சொன்னார். "பிள்ளையே நம்மட முன்னால ஒண்டு செய்யட்டுமே சேர்."

சேருக்கு அது பிடித்தது. அதே சாமான்கள் கொண்டுவரப்பட்டன. அஸ்பியா தரையில் சம்மாணம் கொட்டி இருந்தாள். ஒருமுறை செய்த கை. எங்கே பிழைத்தது என்று அதற்குத் தெரியும். வாலை முதலிலேயே பெரிதாக வெட்டினாள். பசையைக் குச்சி நுனியால் தொட்டு வைத்தாள். எழுத்துகளை முதலில் பென்சிலால் எழுதிப் பிறகு மையால் எழுதினாள். கேதீஸ்வரி டீச்சர் குறிப்பெடுப்பதை மறந்துவிட்டுக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்து முடித்ததும் பிள்ளை அதை ஜன்னலடியில் வைத்தாள். அது சுழன்று காற்றைப் பார்த்து நின்றது. நேரான அம்பு. மை ஊறவில்லை.

"நல்லாச் செஞ்சிரிக்காள் சேர்" என்றார் டீச்சர். அவர் குரலில் ஒரு சந்தோஷம் தப்பி வந்துவிட்டது.

"அதுதானே பிரச்சினை" என்றார் சேர். "முதலில் கொண்டு வந்தது கோணல். இது நேர். ஒரே பிள்ளை செய்திருந்தால் இரண்டும் ஒரேமாதிரி இருக்க வேணும். இரண்டும் பொருந்தவில்லை. எழுதுங்க."

"சேர், அவள் பழகிட்டாள்" என்றார் சப்ரி.

"பாடசாலைக்குள்ளே அப்படித் திடீரென்று பழகுவதற்கு நாங்கள் இடம் வைக்கவில்லை."

பிறகு சப்ரியையும் ஒன்று செய்யச் சொன்னார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. சப்ரி ஊசியில் விரலைக் குத்திக்கொண்டார். மட்டையை வெட்டும்போது சட்டையின் நுனியும் வெட்டுப்பட்டது. பசை தாடியில் ஒட்டியது. கடைசியில் ஒரு பொருள் உருவானது. அதில் 'கிழக்கு' இருந்த இடத்தில் ஒரு பெரிய கரும்புள்ளி. அம்பு நிலத்தைப் பார்த்தது. அஸ்பியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சேர் அதைக் கையில் எடுத்துப் பழைய மட்டைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் பரவியது.

"கோணல். பசை வழிந்திருக்கு. மை பரவியிருக்கு. முதலாவதும் இதுவும் ஒரே கை. தகப்பனின் கை. விசாரணை முடிந்தது."

தண்டனை கடுமையானதல்ல என்று சேர் விளக்கினார். சுயசெயற்பாட்டு ஆண்டு தண்டிப்பதற்கு வந்ததல்ல, திருத்துவதற்கு வந்தது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், பெற்றோர் முன்னிலையில், பிள்ளை மைக்கில் வந்து உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் பிள்ளைக்கு நேர்மைச் சான்றிதழ் வழங்கப்படும். ஒப்புக்கொள்ளாவிட்டால் வலயக் கண்காட்சியிலிருந்து பெயர் வெட்டப்படும். பொய் சொல்கிற பிள்ளை என்று அடுத்த பாடசாலைக்கும் அறிவிக்கப்படும். சொல்ல வேண்டிய வசனத்தைச் சேரே தயாரித்துக் கொடுத்தார்: 'நான் கொண்டு வந்த காற்றுத்திசைகாட்டியை என் வாப்பாவே செய்தார். நான் செய்ததாகக் கூறியது பிழை.' மனப்பாடம் ஒழிக்கப்பட்ட ஆண்டில் அஸ்பியா மனப்பாடம் செய்ய வேண்டி வந்தது இது ஒன்றுதான்.

அன்று பின்னேரம் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"பொய்ய ஒண்டச் சொல்லி, நேர்மைக்குச் சேட்டிபிகட் வாங்கிற இடத்த நான் இப்பதான் பாக்கன்" என்றாள் றாஹிலா.

"ரெண்டு வரிதானேகா. சொல்லிட்டு வரட்டும். இல்லாட்டி அடுத்த இஸ்கூலுக்கும் எழுதுவாங்களாம்."

"சொல்லுற உங்கட வாயில்ல, அவள்ட வாய்."

அஸ்பியா சோற்றுப் பீங்கானைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வாப்பா, அது நான்தானே செஞ்ச?"

"ஓம் மகள்."

"உங்களுக்குச் சந்தேகம் இல்லையா?"

சப்ரி யோசித்தார். உள்ளே எல்லா மூலைகளிலும் தேடிப் பார்த்தார். ஒரு துளி சந்தேகம்கூட அகப்படவில்லை. "இல்ல" என்றார். அப்படி ஒரு சொல் தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே நம்ப முடியாமல் இருந்தது. 

"அப்ப நான் எப்பிடிச் சொல்ற?" என்றாள் பிள்ளை.



திங்கட்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. கொட்டகையில் ஒலிபெருக்கி இரண்டு பக்கமும் கட்டியிருந்தார்கள். றோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் நேர்மை கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. அஸ்பியா வரிசையின் முன்னால் நின்றாள். சப்ரியும் றாஹிலாவும் பெற்றோர் பக்கம். லெவ்வைக் காக்காவும் வந்திருந்தார். தன் முப்பது சொச்சப் படைப்புகளும் மேசையில் மேற்கைப் பார்த்து நிற்கும் அழகை ரசித்துக்கொண்டிருந்தார்.

சுபாஸ்கரன் சேர் கையில் புதிய தாள் ஒன்றோடு மேடை ஏறினார்.

"அன்பான பெற்றோர்களே. வெள்ளிக்கிழமை மாலை மேலிடத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்திருக்கிறது. பிள்ளைகளின் கற்றலில் பெற்றோர் பங்கெடுப்பதில்லை என்று ஆய்வொன்று கண்டறிந்துள்ளது. ஆகவே இன்று முதல் இது 'பெற்றோர் பங்களிப்பு ஆண்டு'. ஒவ்வொரு செயற்பாட்டிலும் பெற்றோர் பங்களிப்புக்கு இருபது புள்ளிகள். பிள்ளையைத் தனியாகச் செய்ய விடுவது பிள்ளையைக் கைவிடுவதாகும். இதை நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறேன்."



"காற்றுத்திசைகாட்டியை இப்போதே மதிப்பிடுவோம். பங்களித்த பெற்றோர் முன்வந்து சொல்லலாம்."

அதன் பிறகு நடந்ததை உள்ளபடி எழுதினால் நம்ப மாட்டீர்கள். ஆகவே குறைத்து எழுதுகிறேன். தகப்பன்மார் கதிரைகளைத் தாண்டிக் குதித்தார்கள். ஒரு தாய் பர்தாவை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "என்ட மகன் விரலும் தொடல்ல சேர், சத்தியமா நாந்தான்" என்றார் ஒருவர். "எங்கட வீட்டுல புள்ள நித்திரை, நாங்கதான் செஞ்ச" என்றது ஒரு சோடி. சேர் ஒவ்வொருவருக்கும் இருபது இருபதாகப் போட்டார். ஒருவர் ஆர்வ மிகுதியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையினுடையதையும் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார்.

இந்த அநியாயத்தை லெவ்வைக் காக்காவால் பொறுக்க முடியவில்லை. எழும்பி நடந்துவந்து மைக்கைப் பிடித்தார்.

"இவங்க சொல்ற பொய் சேர். அவ்வளவும் நான் செஞ்சது. ஒண்டும் மிச்சமில்ல. வேணுமெண்டா அடியில என்ட கடை முத்திரை கிடக்கும், கிறுக்கிப் பாருங்க."

அதிபர் ஒன்றைத் தலைகீழாகக் கிறுக்கிப் பார்த்தார். கிடந்தது. சேர் சுற்றுநிருபத்தைத் திரும்ப வாசித்தார். அதில் ஒருவர் எத்தனை பிள்ளைக்குப் பங்களிக்கலாம் என்று எல்லை எதுவும் போடப்பட்டிருக்கவில்லை.

"இந்த வலயத்தில் இப்படி ஒரு பெற்றோரை நான் கண்டதில்லை" என்றார் சேர் நெகிழ்ந்து. "ஐயா, இந்த ஆண்டின் சிறந்த பெற்றோர் நீங்கள்தான்."

லெவ்வைக் காக்கா மாலையோடு இறங்கி வந்தார். கலியாணம் முடிக்காத மனிதர் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவரும் அந்தச் சந்தோஷத்தில் மறந்திருக்கலாம்.

கடைசியாக அஸ்பியாவின் பெயர் கூப்பிடப்பட்டது. அவள் மேடைக்கு ஏறினாள். அதிபர் வேகமாகச் சப்ரியிடம் வந்து காதுக்குள் சொன்னார்.

"சப்ரி, அல்லாஹ் உங்களுக்கு வழி விட்டிரிக்கான். அதே வசனத்தத்தான் புள்ள சொல்லப்போற. அண்டைக்கு அது குற்றம். இண்டைக்கு இருபது புள்ளி. சேட்டிபிகட்டும் வரும். பேசாம நில்லுங்க."

சப்ரி மேடையைப் பார்த்தார். பிள்ளை மைக்குக்கு எட்டாமல் குதிகாலைத் தூக்கி நின்றாள். அவள் கண் கூட்டத்துக்குள் வாப்பாவைத் தேடியது. றாஹிலா கணவனின் முழங்கையில் ஒரு இடி இடித்தாள்.

சப்ரி எழும்பினார்.

"சேர், ஒரு சொல்லு. நான் அத செய்யல்ல. எனக்குச் செய்யத் தெரியா. நான் செஞ்சது அதிபர்ட அறையில கிடக்கி, நிலத்தப் பாத்துக்கிட்டு."

"விசாரணையில் நீங்கள்தான் செய்தது என்று முடிவாகியிருக்கு" என்றார் சேர். "இப்ப மறுத்தால் இருபது புள்ளியும் போகும். யோசித்துச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டன் சேர்."

சேர் பிள்ளையின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. யார் செய்தது?"

அஸ்பியா மைக்கைத் தன் உயரத்துக்கு வளைத்தாள். "நான் செஞ்சன். முதல்ல பிழைச்சிது. மறுகா வாலப் பெரிசாக்கினன்."

றோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சேருக்கு வேறு வழி இருக்கவில்லை. பங்களிப்பைப் பெற்றோர் தாமாகக் கோர வேண்டும் என்பது சுற்றுநிருபத்தின் நாலாம் பந்தி. பெருமூச்சு விட்டுவிட்டு ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

"அஸ்பியா சப்ரி. பெற்றோர் பங்களிப்பு, பூச்சியம்."

தாய்மார் றாஹிலாவை இரக்கத்தோடு பார்த்தார்கள். சப்ரி கையைத் தூக்கினார்.

"சேர், மைக் கொஞ்சம் இரைஞ்சிச்சி. பின்னால நிக்கிற ஆக்களுக்குக் கேட்டிச்சோ தெரியா. ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்க."

சேர் திருப்பிச் சொன்னார்.

"முழுப் பூச்சியமா சேர்? அரை, கால் ஒண்டும் ஒட்டிக் கிடக்காதா?"

"முழுப் பூச்சியம்" என்றார் சேர் எரிச்சலோடு. "இந்தச் செயற்பாட்டில் தகப்பனோ தாயோ எதையும் செய்யவில்லை. பிள்ளை முழுக்கத் தானாகவே செய்திருக்கிறது. இது வலயத்தின் முடிவு. இனி மாற்ற ஏலாது."

"போதும் சேர்" என்று சப்ரி இருந்தார். கேதீஸ்வரி டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

அஸ்பியா இறங்கித் தன் இடத்துக்கு வந்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளை மெதுவாகக் கேட்டாள். "என்னகா, உனக்குப் பூச்சியமா?"

"ஓம்" என்றாள் அஸ்பியா. "எனக்கு மட்டுந்தான்."